எரியுதா அக்கா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் கடலூர்க்காரர்களே, வணக்கம். நான் மேடைப் பேச்சாளன் கிடையாது, திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறேன். மே 12 செவிலியர் தினத்துக்குப் பட்டிமன்றம், "நோயிலிருந்து மீட்பதில் பெரும்பங்கு மருத்துவரின் திறமைக்கா, செவிலியரின் பரிவுக்கா" என்று தலைப்பு என்றார்கள். நானே போய்ப் பெயர் கொடுத்தேன்.

எதிரணித் தலைவர் "நோய்நாடி நோய்முதல் நாடி" என்று ஆரம்பித்து, பாருங்கள், வள்ளுவரே டாக்டர் பக்கம்தான் என்று கைத்தட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனால் ஐயா, அது 948. இன்னும் இரண்டு குறள் பொறுத்திருந்தால் அதிகாரமே முடிந்திருக்கும். "உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து." நோயாளி, வைத்தியர், மருந்து, கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவர், இந்த நாலும் சேர்ந்தால்தான் அது மருந்து. அந்த உழைச்செல்வான் யார்? நம்ம சிஸ்டர்தான்.

அடுத்துப் பேசிய பேராசிரியர் அம்மா, பரிவு என்பது தேன் மாதிரி, கசப்பு மருந்துக்குத் தொட்டுக்கொள்ளலாம், அது நோயைத் தீர்க்காது என்றார்கள். இதற்குத்தான் நான் பதில் சொல்ல வேண்டும்.

என் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய். புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கீமோ, 21 நாளைக்கு ஒரு முறை. விடியற்காலை பஸ் ஏறி கன்னியக்கோயில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டும்போது அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள், ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே வருவாள். அவளுக்குக் கொடுத்த மருந்துகளில் ஒன்று டாக்ஸோரூபிசின். வார்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை, சிவப்பு மருந்து என்றுதான் சொல்வார்கள், பார்க்க ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி இருக்கும். அது ரத்தக்குழாயைவிட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையையே புண்ணாக்கிவிடும்.

மருந்தையும் அளவையும் டாக்டர்தான் எழுதினார், அவர் கெட்டிக்காரர், நான் மறுக்கவே இல்லை. ஆனால் அந்த மருந்தை உள்ளே ஏற்றியது சிஸ்டர். ஊசி போட்டதும் ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்து, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சிரிஞ்சைத் துளித்துளியாக அழுத்திக்கொண்டே "எரியுதா அக்கா? கை இறுக்கமா இருக்கா? சும்மா இல்லைன்னு சொல்லாதீங்க, எனக்கு நிஜத்தைச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்பதற்குப் பரிவு மாதிரிதான் இருக்கும். அம்மா, அந்தக் கேள்விக்குள் இருப்பது வைத்தியம். என் மனைவி எதையும் வாய்விட்டுச் சொல்லும் ரகம் இல்லை. மூன்றாவது தடவை கேட்டபோதுதான் லேசாக எரியுது என்றாள். அந்த நொடியே மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். கசிவு பெரிதாகவில்லை, கை தப்பித்தது. (இதற்கு முன் வேறொரு இடத்தில் பரிசோதனைக்கு ரத்தம் எடுக்க நாலு முறை குத்தி, நரம்பே சரியில்லை என்று அவளையே திட்டினார்கள். அதனால் எல்லா செவிலியரும் தேவதை என்று நான் சொல்லவரவில்லை, எதிரணி குறித்துக்கொள்ள வேண்டாம்.)

முதல் நாள் கிளம்பும்போதே அந்த சிஸ்டர், "அண்ணா, சிறுநீர் ஒண்ணு ரெண்டு நாள் சிவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க" என்று சொல்லி அனுப்பினார். சொல்லாமல் விட்டிருந்தால் அன்று ராத்திரியே நாங்கள் பாதி செத்திருப்போம். அப்புறம் எங்கள் நோட்டின் பின்னட்டையில் பெரிய எழுத்தில் 100.4 என்று எழுதிக் கொடுத்தார். தெர்மாமீட்டர் வாங்குங்கள், அந்த அளவைத் தொட்டால் எந்த நேரமானாலும் வந்துவிடுங்கள், ஒரு மாத்திரையைப் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுத்துவிடாதீர்கள் என்றார். கீமோ முடிந்து பத்துப் பதினாலு நாளில் வெள்ளை அணுக்கள் அடியோடு குறைந்திருக்கும், அப்போது வருவது சாதாரணக் காய்ச்சல் இல்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பன்னிரண்டாம் நாள், ராத்திரி ஒரு மணிக்கு 101. என் மாமியார் கஷாயம் வைக்கிறேன் என்றார். நான் அந்தப் பின்னட்டையைப் பார்த்தேன். பக்கத்து வீட்டுத் தம்பியை எழுப்பி, அவன் காரில் பெண்ணையாற்றுப் பாலம் தாண்டிப் போய்ச் சேர்ந்தோம், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏறத் தொடங்கியது. டாக்டர் பார்த்துவிட்டு, சரியான நேரத்துக்கு வந்தீர்கள் என்றார். எங்களை வரவைத்தது அந்த நோட்டு அட்டை.

மூன்றாவது கீமோவுக்கு என் மனைவி வரமாட்டேன் என்றாள். வாந்தி. அதை டாக்டரிடம் சொல்லவே இல்லை, வெளியே அத்தனை பேர் காத்திருக்கும்போது இதையெல்லாம் போய்ச் சொல்வதா என்று கூச்சம். சிஸ்டரிடம்தான் அழுதாள். சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் கேட்டார், அப்புறம் எழுந்துபோய் டாக்டரிடம் சொன்னார், வாந்தி மாத்திரை மாறியது, நாங்கள் மறுபடியும் பஸ் ஏறினோம். நடுவர் அவர்களே, நடுவில் நின்றுபோன சிகிச்சையில் டாக்டரின் திறமை என்ன செய்யும்? அதை நிற்காமல் பார்த்துக்கொண்டது யார்?

கடைசி கீமோ அன்று ஒரு ஐந்நூறு ரூபாய் நோட்டை மடித்து அவரிடம் நீட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் வாங்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அதெல்லாம் வேணாம்ணா. ஏழாம் நம்பர் பெட்ல ஒரு பொண்ணு, இன்னைக்குத்தான் முதல் தடவை, சிவப்பு மருந்தைப் பார்த்துட்டு அழுதுட்டே இருக்கு. அக்காவை அஞ்சு நிமிஷம் பேசச் சொல்லுங்க."

மணி அடித்துவிட்டார்கள், ஒரு வரியில் முடிக்கிறேன் நடுவர் அவர்களே. மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு என் மனைவி அந்தப் படுக்கைக்குப் போனாள், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், "எரியுதாம்மா? நிஜத்தைச் சொல்லு" என்றாள்.