பந்தை நிறுத்தினால் புத்தகம் திறக்குமா?

வணக்கம் நேயர்களே.

நான் மட்டக்களப்புப் பிள்ளை. எங்கள் ஊருக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்து வளர்த்ததில் அமெரிக்க இயேசு சபைக் குருமாருக்குப் பெரும் பங்குண்டு. புனித மிக்கேல் கல்லூரி அணியைப் பயிற்றுவித்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட்டில் காணாமல் போனார். அவர் பெயரை ஊரில் இன்றும் சொல்வார்கள். அந்த ஊரிலிருந்து வந்ததால், கொழும்பில் கம்பஸ் கிடைத்தபோது சப்பாத்தையும் பந்தையும் முதலில் பையில் வைத்தேன்.

இரண்டாம் வருடம் ஞாயிறு இறுதிப்போட்டி, திங்கள் புள்ளிவிவரவியல் பரீட்சை. ஞாயிறு இரவு நோட்ஸைத் திறந்தேன். கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது, எழுத்தெல்லாம் நீந்தியது. பாடம் ரிப்பீட். அப்பா தொலைபேசியில், “போதும் புள்ள, பந்தை எடுத்து வை” என்றார். வைத்தேன். அடுத்த செமஸ்டரிலும் புள்ளிகள் அப்படியே இருந்தன. பின்னேரம் மிச்சமான இரண்டு மணித்தியாலமும் போனிலும் தூக்கத்திலும் போய்விட்டது. விளையாட்டை நிறுத்திய நேரம் தானாகப் படிப்புக்கு வராது. உயர்தரப் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் போட்டிக் காலப் பயிற்சிக்கு வாரம் 20 மணித்தியாலம், நாளுக்கு 4 மணித்தியாலம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள் ஓய்வும் உண்டு. எனக்கு அப்படி வரம்பு போட ஒருவரும் இருக்கவில்லை. மறுபடி பந்தை எடுத்தபோது நானே போட்டேன். செமஸ்டரின் முதல் வாரமே பரீட்சைத் திகதிகளையும் போட்டித் திகதிகளையும் ஒரே தாளில் எழுதி, மோதும் இடங்களைச் சிவப்பால் வட்டமிட்டு, கோச்சிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். “சேர், இந்த இரண்டு வாரமும் பின்னேரம் வரமாட்டேன்.” ஐந்து வாரம் முந்திச் சொன்னதால் அவர் கோபிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப காலமை ஐந்தரைக்கு வந்து நாற்பது ப்ரீ த்ரோ எறிஞ்சிட்டுப் போ” என்றார்.

அந்த நாற்பது எறிதல்தான் எனக்குப் பரீட்சை எழுதக் கற்றுத்தந்தது. ப்ரீ த்ரோ என்றால் தடுக்க ஒருவரும் இல்லாமல் கோட்டில் நின்று வளையத்துக்கு எறிவது. நடுவர் பந்தைத் தந்தால் எறிய 5 விநாடிதான். கூட்டம் கத்தும். இரண்டு தரம் பந்தைத் தட்டி, மூச்சை விட்டு, வளையத்தின் முன் விளிம்பை மட்டும் பார்ப்பேன். ரிப்பீட் பரீட்சையில் வினாத்தாளைத் திருப்பியதும் முதல் கணக்கே புரியவில்லை. பேனையை மேசையில் வைத்தேன். விரலால் இரண்டு தரம் மேசையில் தட்டினேன், மூச்சை விட்டேன், இரண்டாம் கணக்கிலிருந்து தொடங்கினேன். பாஸ்.

பெற்றோரே, உங்கள் பிள்ளை இப்படியொரு தாளை எழுதிக்கொண்டு வந்தால், வாரத்தில் இரண்டு பின்னேரமாவது விட்டுக்கொடுங்கள். கோச்மாரே, சிவப்பு வட்டம் போட்ட வாரங்களில் அந்தப் பிள்ளையை அணியிலிருந்து வெட்டிவிடாதீர்கள். அது அடுத்த திங்கள் திரும்பி வரும்.

நன்றி, வணக்கம்.