தென்னங்கரையும் குளக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

முத்திரையும் படத் தபாலட்டையும் சேர்ப்பவர்களில் பலர் முதலில் தேடுவது வெப்பமண்டலக் காட்சிகளைத்தான். கடலை நோக்கிச் சாய்ந்த தென்னை, கரையேற்றிய தோணி, தேயிலை மலை என்று ஒவ்வொன்றும் ஓர் ஊரைக் காட்டி, அங்கே போக வேண்டும் என்ற ஆசையையும் கிளப்பிவிடும். வன்னியில் இருந்து இவற்றைச் சேர்க்கும் எங்களுக்கோ இன்னொரு கேள்வியும் எழுகிறது. நாங்களும் இதே வெப்பமண்டலத்தில் வாழும்போது, எங்கள் நிலம் ஏன் பழைய அட்டைகளில் இத்தனை அரிதாகக் காணப்படுகிறது?

விடை கப்பல் பாதையில் இருக்கிறது. 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், ஐரோப்பாவிலிருந்து அவுஸ்திரேலியாவுக்கும் கீழைத் தேசங்களுக்கும் சென்ற நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் தரித்துச் சென்றன. அந்த இடைவேளையில் கரையிறங்கிய பயணி, கொழும்பையும் கல்கிசையையும், நேரம் கிடைத்தால் கண்டியையும் பார்த்துவிட்டு, வீட்டுக்கு அனுப்ப ஓர் அட்டை வாங்கினார். 1890இல் கொழும்பில் தொடங்கப்பட்ட பிளாட்டே போன்ற நிறுவனங்கள் அந்தப் பயணி கண்டதையும் காண விரும்பியதையுமே படமாக்கி விற்றன. வீரையும் பாலையும் நிற்கும் எங்கள் காடு அவருடைய வழியில் வரவேயில்லை.

முத்திரைகளில் நிலைமை சற்று வேறு. இலங்கையின் முதல் முத்திரை 1857இல் வெளிவந்தது. அதன்பின் பல தசாப்தங்களாகப் பொது முத்திரைகளில் பிரித்தானிய அரசியாரின் அல்லது அரசரின் தலையே இருந்தது. 1935இல் தொடங்கிய தொடரில்தான் நாட்டின் காட்சிகள் வரிசையாக வந்தன. இறப்பர் பால் வெட்டுதல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், கொழுந்து பறித்தல், தென்னைகள், காட்டு யானைகள், ஒரு ரூபா முத்திரையில் திருகோணமலை என்று அது விரிகிறது. அதன் 30 சத முத்திரையில் இருப்பது பண்டைய நீர்ப்பாசனக் குளம். குளத்து நீரை நம்பி விதைக்கும் எங்களுக்கு முழுத் தொடரிலும் நெருக்கமானது அதுவே என்பது என் எண்ணம். தகட்டில் கோடு செதுக்கி அச்சிட்ட முத்திரை அது. விளக்கொளியில் சரித்துப் பிடித்து உருப்பெருக்கியால் பார்த்தால், மைக்கோடுகள் தாளின் மேல் மெல்லிய வரப்புகளாக எழுந்து நிற்பது தெரியும். 1938இல் தொடங்கிய தொடரில், காட்சியோடு இருந்த ஐந்தாம் ஜோர்ஜின் தலைக்குப் பதிலாகப் புதிய மன்னர் ஆறாம் ஜோர்ஜின் தலை வந்தபோதும், பல காட்சிகள் தொடர்ந்தன. இரண்டு மன்னர்களின் முத்திரைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது தனி இன்பம்.

அட்டையின் பின்புறத்தையும் கவனியுங்கள். முற்காலத்தில் அந்தப் பக்கத்தில் முகவரி மட்டுமே எழுதலாம். பின்புறத்தை இரண்டாகப் பிரித்துச் செய்தியும் எழுதப் பிரித்தானியா 1902இல் அனுமதித்தது, ஏனைய நாடுகள் அடுத்தடுத்த ஆண்டுகளில் பின்பற்றின. ஆகவே படத்தின் மேலேயே நுணுக்கி எழுதிய அட்டை கிடைத்தால், பழுதானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது அந்த முந்திய காலத்துக்குரியதாக இருக்கலாம்.

இடப்பெயர்வுகளில் அல்பங்களை விட்டுவிட்டு ஓடியவர்கள் எங்களிடையே பலர். அவர்கள் மீண்டும் தொடங்கக் காசு கொட்டத் தேவையில்லை. கனடாவிலிருந்தும் சுவிற்சர்லாந்திலிருந்தும் உறவுகள் அனுப்பிய பழைய கடித உறைகள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், முத்திரையை மட்டும் வெட்டி எடுக்காமல் உறையை முழுதாக வைத்திருங்கள். புறப்பட்ட ஊரின் சீலும், சில வேளைகளில் வந்துசேர்ந்த ஊரின் சீலும் சேர்ந்துதான் அந்தக் கடிதத்தின் பயணத்தைக் காட்டுகின்றன. உதிரி முத்திரைகளைக் கழற்றச் சாதாரண நீரில் ஊறவிட்டால் போதும், ஆனால் பின்தாளை உரித்து ஒட்டும் இக்காலத்து முத்திரைகள் பல அப்படிக் கழராதபடியால் அவற்றைச் சுற்றியுள்ள தாளோடு வெட்டி வையுங்கள். மாரி காலத்து ஈரத்தில் பசை தானாக ஒட்டிக்கொள்ளும், தாளில் பழுப்புப் புள்ளிகளும் விழும். அல்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வைத்து, வெயில் கண்ட நாட்களில் நிழலில் விரித்துக் காற்றாட விடுங்கள்.

பழைய அட்டைகளில் இல்லாத வன்னியை நாங்களே அட்டையாக்கலாம். இரணைமடுக் குளக்கட்டையோ நந்திக்கடலையோ படமெடுத்து, அட்டை அளவில் தடித்த தாளில் அச்சிட்டு, முத்திரை ஒட்டி, முல்லைத்தீவிலோ மாங்குளத்திலோ உள்ள தபாற்கந்தோரில் சீலைத் தெளிவாகக் குத்தித் தரும்படி கேட்டு, வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்புங்கள். பிள்ளைகளைக் கொண்டு நாலு வரி எழுதுவியுங்கள். பதிலுக்கு அவர்களின் ஊர் அட்டை ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். நன்றி, வணக்கம்.