செல்லின் காலிங் பெல்லை நிறுத்துவது யார்? லெஃப்கோவிட்ஸின் ஏற்பி ஆராய்ச்சி

[திரையில்: மேசை மேல் ஒரு இன்ஹேலர். பக்கத்தில் ஒரு மாத்திரை அட்டை.]

படபடப்புக்கோ, ஒற்றைத் தலைவலிக்கோ, கைநடுக்கத்துக்கோ ப்ரோப்ரனலால் மாத்திரை எழுதும் முன் மருத்துவர் ஒரு கேள்வி கேட்பார்: “வீசிங் இருக்கா?” இருக்கிறது என்று சொன்னால் வேறு மாத்திரைக்குப் போய்விடுவார்.

காரணம் இதுதான். வீசிங் வந்தால் இழுக்கிற சால்புட்டமால் இன்ஹேலரும் இந்த மாத்திரையும் மூச்சுக்குழாயில் ஒரே மூலக்கூறைத் தேடித்தான் போகின்றன. இன்ஹேலர் மருந்து அதைத் தூண்டும், குழாய் விரியும். மாத்திரை அதே இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு வேறு யாரும் தூண்ட முடியாமல் செய்துவிடும். ஆஸ்துமா உள்ளவருக்கு இது ஆபத்து.

அந்த மூலக்கூறின் பெயர் பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பி. அட்ரினலின் வந்து ஒட்டுகிற ரிசெப்டர். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறது என்று காட்டவே விஞ்ஞானிகள் படாத பாடு பட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பில் பெரும்பங்கு ராபர்ட் லெஃப்கோவிட்ஸ் என்கிற அமெரிக்க மருத்துவருடையது. இந்த வீடியோ அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியது.

[திரையில்: ஆல்ஃபா, பீட்டா என்ற இரண்டு எழுத்துகள்.]

1948-இல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் என்ற மருந்தியலாளர், அட்ரினலினுக்கு உடம்பில் இரண்டு வகை ஏற்பிகள் இருக்கவேண்டும் என்று எழுதினார். ஆல்ஃபா, பீட்டா என்று பெயரும் வைத்தார். ஆனால் அவருக்கே அது ஒரு கருத்துதான், கையில் பிடிக்கிற பொருள் இல்லை. 1970-களிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். இதற்கு நடுவில் ஜேம்ஸ் பிளாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்தக் கருத்தை மட்டும் நம்பி 1960-களில் ப்ரோப்ரனலாலையே உருவாக்கிவிட்டார். ஆக மருந்து முதலில் வந்துவிட்டது. அது எதில் போய் ஒட்டுகிறது என்பதை யாரும் பார்த்ததில்லை!

லெஃப்கோவிட்ஸ் 1943-இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் பிறந்தவர். இதய மருத்துவர் ஆகவேண்டும் என்பதுதான் திட்டம், ஆராய்ச்சி இல்லை. வியட்நாம் போர் நடந்த காலம் அது. இளம் டாக்டர்களைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். போர்முனைக்குப் போகாமல் அரசின் பொதுச் சுகாதாரப் பணியில் சேரவும் ஒரு வழி இருந்தது. அப்படித்தான் 1968-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். முதலில் கொஞ்ச காலம் ஒன்றும் உருப்படவில்லை. அப்புறம் 1970-இல், அட்ரினல் சுரப்பியைத் தூண்டும் ஏசிடிஹெச் ஹார்மோனில் கதிரியக்க அயோடினை ஏற்றி, அது செல் சவ்வில் போய் ஒட்டுவதை அளந்து காட்டினார்கள். 1973-இல் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கையில் எடுத்தது பீட்டா ஏற்பி.

[திரையில்: தவளை. அதன் இரத்த அணுக்கள். ஒரு வடிதாள்.]

இங்கே கொஞ்சம் நிற்போம். இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

ஒரு ஏற்பியை எப்படி எண்ணுவது? அதில் ஒட்டும் ஒரு பொருளில் கதிரியக்க அடையாளம் போட்டு, செல் சவ்வுத் துண்டுகளோடு கலந்து, வடிகட்டிக் கழுவ வேண்டும். வடிதாளில் தங்கியிருக்கும் கதிரியக்கம்தான் கணக்கு. கேட்க எளிது. சிக்கல் என்னவென்றால் ஒட்டுகிற பொருள் ஏற்பியில் மட்டும் ஒட்டுவதில்லை, கண்டதிலெல்லாம் ஒட்டும். முதலில் அட்ரினலின் வகை ஹார்மோனையே அடையாளமிட்டுப் பார்த்தார்கள். இந்த மூலக்கூறுகளுக்கு இடக்கை, வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு. அது ஒட்டிய இடங்களுக்கு இடக்கை மூலக்கூறு, வலக்கை மூலக்கூறு என்ற பேதமே தெரியவில்லை. உண்மையான ஏற்பிக்கு அந்தப் பேதம் தெரிந்தே ஆகவேண்டும். உடம்பில் ஒரு வடிவம் நன்றாக வேலை செய்கிறது, மற்றது அவ்வளவாகச் செய்வதில்லையே!

ஆகவே ஹார்மோனை விட்டுவிட்டு, ஏற்பியை அடைக்கும் மருந்தையே தூண்டிலாக எடுத்தார்கள். டைஹைட்ரோஅல்ப்ரினலால் என்ற பொருளில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றினார்கள். சவ்வுக்கு எடுத்தது தவளையின் சிவப்பணு. இப்போது பொருத்தம் வந்தது. ப்ரோப்ரனலாலைச் சேர்த்தால் ஒட்டியது விலகுகிறது. அதன் இடக்கை வடிவம் நன்றாக விலக்குகிறது, வலக்கை வடிவம் திணறுகிறது. ஐசோப்ரினலின், அட்ரினலின், நார்அட்ரினலின் என்ற மூன்றில் எது உடம்பில் வலுவாகச் செயல்படுமோ அதே வரிசையில்தான் வடிதாளிலும் எண்கள் வந்தன. உடலில் பார்த்ததும் குழாயில் பார்த்ததும் ஒத்துப்போன பிறகுதான் இது ஏற்பி என்று சொல்லும் தைரியம் வந்தது.

இருப்பதைக் காட்டியாயிற்று. பிரித்து எடுக்க வேண்டுமே? சவ்வில் இந்தப் புரதம் இருக்கும் அளவு மிகச் சொற்பம். சுத்தமாக எடுக்க ஏறக்குறைய ஒரு லட்சம் மடங்கு செறிவாக்க வேண்டியிருந்தது. சவ்வைக் கரைக்க டிஜிடோனின் என்ற சோப்பு மாதிரியான பொருள் உதவியது. மார்க் கேரன் என்ற சக ஆய்வாளர் அல்ப்ரினலாலை மணிகளில் கட்டி ஒரு வடிகுழாய் செய்தார். கரைசல் அதன் வழியே ஓடும்போது ஏற்பி மட்டும் சிக்கிக்கொள்ளும். இப்படிக் கிடைத்த ஒற்றைப் புரதத்தை 1983-இல் கொழுப்புக் குமிழிகளில் பதித்து, அந்த ஏற்பி இல்லாத ஒருவகைத் தவளைச் செல்களோடு இணைத்தார்கள். அதுவரை அட்ரினலின் வகைப் பொருள்களைக் கண்டுகொள்ளாத செல்கள் உடனே பதில் சொல்லத் தொடங்கின. சந்தேகம் இதோடு தீர்ந்தது.

[திரையில்: சவ்வை ஏழு முறை ஊடுருவிச் செல்லும் ஒரு சங்கிலி.]

1986-இல் மெர்க் நிறுவன விஞ்ஞானிகளோடு சேர்ந்து அந்தப் புரதத்தின் மரபணுவைப் படித்தார்கள். லெஃப்கோவிட்ஸின் ஆய்வகத்தில் அந்த வேலையில் இருந்தவர் பிரையன் கோபில்கா. வரிசையைப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்: கண் விழித்திரையில் ஒளியை உணரும் ரோடாப்சின் புரதத்தின் சாயல் அதில் இருந்தது. இரண்டுமே செல் சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கின்றன. ஒளிக்கும் அட்ரினலினுக்கும் என்ன உறவு? இரண்டும் ஒரே குடும்பத்து ஏற்பிகளைத் தூண்டுகின்றன என்பதுதான் விடை. அந்தக் குடும்பத்தில் மனித மரபணுக்கள் மட்டும் சுமார் 800 இருக்கின்றன. இன்று புழக்கத்தில் உள்ள மருந்துகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று இந்தக் குடும்பத்தின் மேல்தான் வேலை செய்கிறது.

சரி, இந்த ஏற்பி என்னதான் செய்கிறது? வாசலில் இருக்கும் காலிங் பெல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்ரினலின் வீட்டுக்குள் வருவதே இல்லை, வெளியே நின்று பெல்லை அழுத்துகிறது. உள்ளே ஏற்பியின் செய்தியை வாங்கிக் கடத்தும் ஜி புரதம் விழித்துக்கொண்டு, ஒரு நொதியைத் தூண்டி, சைக்ளிக் ஏஎம்பி என்ற தூதுப் பொருளைப் பெருக்குகிறது. அதன் பேரில் இதயம் வேகமாகத் துடிக்கும், மூச்சுக்குழாய் விரியும். இந்த ஜி புரதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் கில்மனுக்கும் ராட்பெல்லுக்கும் 1994-இல் நோபல் பரிசு கிடைத்தது.

யாராவது பெல்லிலிருந்து விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்? உள்ளே இருப்பவர்கள் ஒயரைப் பிடுங்கிவிடுவார்கள். செல்லும் அதைத்தான் செய்கிறது. மருந்தை அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப எடுக்கும்போது வீரியம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒயரைப் பிடுங்கும் ஆள் யார் என்பதற்கும் கண்தான் துப்புக் கொடுத்தது. தூண்டப்பட்ட ஏற்பியில் பாஸ்பேட்டை ஒட்டவைக்கும் ஒரு நொதியை லெஃப்கோவிட்ஸ் குழுவினர் கண்டுபிடித்தார்கள். விசித்திரம் என்னவென்றால் அந்த நொதியைச் சுத்தம் செய்யச் செய்ய ஏற்பியை அடக்கும் திறன் குறைந்துகொண்டே போனது. அப்படியானால் கழுவிவிட்ட அழுக்கோடு வேறு ஏதோ ஒன்றும் போயிருக்கிறது! விழித்திரையில் ரோடாப்சினை அடக்க அரெஸ்டின் என்ற புரதம் இருப்பது தெரிந்த விஷயம். அதைக் கொண்டுவந்து நிறையச் சேர்த்தார்கள். இழந்த திறன் திரும்பியது. தேடிப் பார்த்தால் உடம்பெங்கும் இதற்கு ஒரு சகோதரன் இருந்தது. 1990-இல் அதற்கு பீட்டா-அரெஸ்டின் என்று பெயர் வைத்தார்கள்.

கதையின் திருப்பம் இதற்குப் பிறகுதான். பெல்லை நிறுத்துவது மட்டும் அரெஸ்டினின் வேலை இல்லை, தன் பங்குக்கு அதுவே வேறு செய்திகளை உள்ளே அனுப்புகிறது என்று 1990-களின் இறுதியில் தெரியவந்தது. ஒரே ஏற்பிக்கு இரண்டு பாதைகள். அப்படியென்றால் ஒரு பாதையை மட்டும் திறக்கும் மருந்து செய்யலாமே? நல்ல விளைவு ஒரு வழியிலும் பக்கவிளைவு மறு வழியிலும் வந்தால், வேண்டாததை மட்டும் மூடிவிடலாம் அல்லவா?

[திரையில்: ஒரு ஏற்பி. அதிலிருந்து பிரியும் இரண்டு அம்புக்குறிகள்.]

இந்த எண்ணத்துக்கு மார்ஃபின் தோதான இலக்கு. அது ஒட்டும் ஏற்பியும் இதே குடும்பம்தான். வலியைப் போக்கும், கூடவே மூச்சையும் அமுக்கும். 1999-இல் டியூக்கில் ஒரு முக்கியமான ஆய்வு வெளியானது. பீட்டா-அரெஸ்டின்-2 இல்லாத எலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தால் வலி நிவாரணம் கூடுதலாகவும் நீண்ட நேரத்துக்கும் இருந்தது. மூச்சுத் தடையும் அவற்றில் குறைவு என்று 2005-இல் இன்னொரு ஆய்வு சொன்னது. லெஃப்கோவிட்ஸும் சக பேராசிரியர் ஹோவர்ட் ராக்மனும் ட்ரெவீனா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஜி புரதப் பாதையை அதிகம் தூண்டி அரெஸ்டினை அவ்வளவாகக் கூப்பிடாத ஒலிசெரிடின் என்ற ஊசி மருந்து அங்கே உருவானது.

பாதை நேராக இல்லை. 2018-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் ஆலோசனைக் குழு 8-க்கு 7 என்ற கணக்கில் எதிராக வாக்களித்தது; அனுமதியும் மறுக்கப்பட்டது. 2020 ஆகஸ்ட்டில்தான் ஒப்புதல் வந்தது. அப்போதும் மூச்சு அடங்கும் அபாயம், அடிமையாகும் அபாயம் என்று மற்ற ஓபியாய்டுகளுக்கு, அதாவது மார்ஃபின் வகை வலி மருந்துகளுக்கு, உள்ள கட்டம் போட்ட எச்சரிக்கை அதற்கும் உண்டு.

இதற்கிடையில் வேறு ஆய்வகங்கள் அரெஸ்டின் இல்லாத எலிகளில் சோதித்தபோது மார்ஃபின் மூச்சை வழக்கம்போலவே அமுக்கியது. இம்மாதிரி மருந்துகளின் பாதுகாப்பு அரெஸ்டினைத் தவிர்ப்பதால் வரவில்லை, ஏற்பியை மொத்தத்தில் அரைகுறையாகவே தூண்டுவதால்தான் வருகிறது என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். எனக்கும் அந்தப் பக்கம்தான் வலுவாகத் தெரிகிறது. எண்ணம் அழகாக இருக்கிறது என்பதற்காக எலி ஒத்துக்கொள்ள வேண்டும் என்று கட்டாயமில்லையே.

ஏற்பியைப் பற்றிய அடிப்படை அறிவை இது அசைக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டுக்குப் போன கோபில்கா, 2011-இல் பீட்டா-2 ஏற்பியும் ஜி புரதமும் பிணைந்து நிற்கும் கணத்தையே படிகமாக்கி அணு அணுவாகக் காட்டினார். கலைந்துபோகும் அந்தக் கூட்டைப் பிடித்து நிறுத்த, லாமா விலங்கின் எதிர்ப்புப் புரதத்திலிருந்து செய்த ஒரு சிறு துண்டு உதவியது. 2012-இல் இருவருக்கும் வேதியியல் நோபல். தூங்கும்போது காதை அடைத்துக்கொள்ளும் பழக்கம் லெஃப்கோவிட்ஸுக்கு உண்டு; ஸ்டாக்ஹோமிலிருந்து வந்த போன் அவருக்குக் கேட்கவில்லை, மனைவிதான் முழங்கையால் இடித்து எழுப்பினாராம்.

இரண்டு பாதை என்ற எண்ணம் இப்போது வேறு இடத்தில் தலைகாட்டுகிறது. சர்க்கரை நோய்க்கும் உடல் எடைக்கும் போடுகிற டிர்செபடைட் ஊசி, மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025-இல் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அது தொடும் ஏற்பிகளில் ஒன்றான ஜிஎல்பி-1 ஏற்பியும் இதே ஏழு முறை ஊடுருவும் குடும்பம்தான். அதில் டிர்செபடைட் சைக்ளிக் ஏஎம்பி பாதையை நன்றாகத் தூண்டுகிறது, பீட்டா-அரெஸ்டினை அவ்வளவாகக் கூப்பிடுவதில்லை என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. எடை குறைவதில் இந்தச் சாய்வுக்கு எவ்வளவு பங்கு, ஜிஐபி என்ற இரண்டாவது ஏற்பியையும் சேர்த்துத் தூண்டுவதற்கு எவ்வளவு பங்கு என்பதில்தான் இப்போது வாக்குவாதம்.