பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்: யார் கணக்கில்?

நேயர்களுக்கு வணக்கம். பஸ் நிறுத்தத்தில் நின்று கால் கடுத்தவர்கள் சொல்கிற வசனம் ஒன்று உண்டு: "அரை மணி நேரமா ஒண்ணும் வரல, வந்தா ரெண்டு சேர்ந்து வருது." பணிமனையில் கேட்டால், அந்தத் தடத்தில் 10 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓடுகிறது என்று பதிவேட்டைக் காட்டுவார்கள். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். எங்கே நின்று எண்ணுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

ஒரு சின்னக் கணக்கு. காலை 8 மணியிலிருந்து 9 வரை ஒரு நிறுத்தத்துக்கு 6 பஸ். சரியாகப் பத்துப் பத்து நிமிடத்தில் வந்தால், நேரம் பார்க்காமல் வருகிற பயணி சராசரியாக 5 நிமிடம் நிற்பார். அதே ஆறும் ஜோடி ஜோடியாக வருகின்றன என்று வையுங்கள்: 18 நிமிடம் கழித்து ஒன்று, 2 நிமிடத்தில் அடுத்தது, மறுபடி 18, மறுபடி 2. கூட்டிப் பார்த்தால் அதே 60 நிமிடம், அதே 6 பஸ். ஆனால் பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளியில்தான் வந்து மாட்டுவார்கள். அவர்களுக்குச் சராசரி 9 நிமிடம், மிச்சமுள்ள ஒருவருக்கு 1 நிமிடம். மொத்தத்தில் 8.2 நிமிடம். ஐந்துக்கு மேற்பட்ட அந்த 3.2 நிமிடத்துக்குத்தான் கூடுதல் காத்திருப்பு என்று பெயர்.

நெரிசலும் இதே கதைதான். நிமிடத்துக்கு 2 பேர் வருகிற நிறுத்தம் என்றால், முன்னால் வரும் பஸ்ஸில் 36 பேர் ஏறுவார்கள், பின்னால் வருவதில் 4 பேர். பஸ்ஸுக்குச் சராசரி 20 என்று அறிக்கை எழுதலாம், தப்பில்லை. ஏறியவர்களை ஒவ்வொருவராகக் கேட்டால், தன்னோடு ஏறியது சராசரியாக 33 பேர் என்று வரும்.

ஏன் சேர்ந்து வருகின்றன? ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. சிக்னலில் இரண்டு நிமிடம் தாமதித்த பஸ்ஸுக்கு அடுத்த நிறுத்தத்தில் ஆள் அதிகம், ஏற்ற நேரம் அதிகம், அதனால் இன்னும் தாமதம். பின்னால் வருவதற்கு ஆளே இல்லை, விரைந்து வந்து ஒட்டிக்கொள்கிறது. நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964-லேயே இதைச் சமன்பாடாக எழுதிக் காட்டிவிட்டார்கள்.

லண்டனில் மணிக்கு 5 பஸ்ஸுக்குக் குறையாத தடங்களை இந்தக் கூடுதல் காத்திருப்பை வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். 2001 முதல் பஸ் ஓட்டும் ஒப்பந்தக்காரருக்கான ஊக்கத்தொகையும் பிடித்தமும் அதைப் பொறுத்தவை. சிங்கப்பூரும் 2014-ல் இதே அளவுகோலைச் சோதனையாகத் தொடங்கியது. வெறும் கிலோமீட்டருக்கு மட்டும் காசு கொடுத்தால் கிலோமீட்டர்தான் கிடைக்கும்.

சரி, தரவு எங்கிருந்து வருகிறது? பஸ்ஸில் உள்ள ஜிபிஎஸ் கருவி சில விநாடிக்கு ஒருமுறை இருக்குமிடத்தைச் சொல்கிறது. நிறுத்தத்தைச் சுற்றி 50 மீட்டர் வட்டம் போட்டு, உள்ளே வந்தால் பஸ் வந்ததாகக் கொள்வது வழக்கம். இங்கேதான் கோளாறு. எதிர்ப்பக்க நிறுத்தமும் அதே வட்டத்துக்குள் விழும், அதனால் பஸ் போகும் திசையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிறுத்தத்துக்கு முன்னால் சிக்னல் இருந்தால், சிக்னலில் நிற்கும் பஸ்ஸை வந்துவிட்டதாக எழுதிவிடும். ஆகவே உள்ளே நுழைந்த நேரத்தை விட்டுவிட்டு, வெளியேறிய நேரத்தை எடுப்பது நல்லது. சென்னை கத்திப்பாரா போன்ற இடத்தில் மேம்பாலத்தில் போகிற பஸ்ஸும் கீழே போகிற பஸ்ஸும் வரைபடத்தில் ஒரே புள்ளி.

இதைவிடப் பெரிய ஓட்டை, ஓடாத நடை, அதாவது அட்டவணையில் இருந்தும் ஓடாமல் போன பஸ் பயணம். ரத்தான பஸ் ஜிபிஎஸ்ஸில் தடயமே விடாது. வராத பஸ்ஸுக்குத் தாமதம் என்பதே கிடையாது அல்லவா! ஓடியதை மட்டும் வைத்து நேரந்தவறாமையைக் கணக்கிட்டால், நாலில் ஒன்றை நிறுத்திவிட்ட நாளில்கூட மதிப்பெண் பிரமாதமாக வரும். முதலில் கால அட்டவணையை விரித்து, ஒவ்வொரு நடைக்கும் எதிரே ஓடியதா இல்லையா என்று குறித்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

டிக்கெட் மெஷின் இன்னொரு ஊற்று. ஆனால் அது ஸ்டேஜைத்தான், அதாவது கட்டணம் கணக்கிடுகிற தடப் பகுதியைத்தான் அறியும், ஒரு ஸ்டேஜுக்குள் இரண்டு மூன்று நிறுத்தம் இருக்கலாம். நெரிசலில் கண்டக்டர் இரண்டு நிறுத்தம் தாண்டித்தான் டிக்கெட் கிழிப்பார், பதிவாகும் நேரம் அதுதான். மாதப் பாஸ் வைத்திருப்பவருக்கு டிக்கெட் கிடையாது, அவர் தரவிலேயே இல்லை. எந்தெந்தத் தடத்தில் டிக்கெட் எடுத்தவர் ஒருவருக்கு பாஸ்காரரையும் சேர்த்து மொத்தம் எத்தனை பேர் என்று ஆள் வைத்து எண்ணி, அந்த விகிதத்தால் டிக்கெட் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு எவ்வளவு வசூல் என்ற பழைய அளவுகோலும் தமிழ்நாட்டில் 2021 மே மாதத்தோடு பொருளிழந்தது. சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகு, வசூல் குறைந்த தடம் ஆள் குறைந்த தடம் ஆகாது. கட்டணமில்லா டிக்கெட்டையும் சேர்த்து எண்ணினால்தான் கூட்டம் தெரியும்.

இதில் பாதியை நீங்களே அளக்கலாம். பஸ் புறப்படும் முனையத்தில் நிற்காதீர்கள். அங்கே டைம் கீப்பர் இருக்கிறார், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். தடத்தின் நடுவில் ஒரு நிறுத்தம் போதும். காலை 7 முதல் 9 வரை, ஐந்து வேலை நாள். வந்த நேரம், தட எண், வண்டிப் பதிவு எண்ணின் கடைசி நாலு இலக்கம், கூட்டம்: இருக்கை காலி, நிற்க இடம், படியில் தொங்கல் என்று மூன்றே நிலை. வண்டி எண் எதற்கென்றால், அதே வண்டி எப்போது திரும்பி வந்தது என்று பார்த்தால் ரத்தான நடை பிடிபடும்.

பிறகு அடுத்தடுத்த பஸ்ஸுக்கு இடையிலான நிமிடங்களை எழுதி, ஒவ்வொன்றையும் அதே எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள். மொத்த நிமிடத்தின் இரு மடங்கால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு. நம் உதாரணத்தில் 984-ஐ 120-ஆல் வகுத்து 8.2 வந்தது அப்படித்தான். அட்டவணை இடைவெளியின் பாதியை அதிலிருந்து கழித்தால் கூடுதல் காத்திருப்பு. மழை பெய்த நாளையும் வண்டி நின்றுபோன நாளையும் அடித்துவிடாதீர்கள், ஓரத்தில் காரணம் எழுதி வையுங்கள்.