நஷ்டத்தையும் எழுதிய கடிதம்

(வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பும் மாணவர்களுக்காகக் காரைக்குடியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதித் தந்திருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும், இந்த வருஷம் விமானம் ஏறப்போகிற தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

நம் பக்கத்து வீடுகளில் பிள்ளை கடல் தாண்டிப் போவது புதுச் செய்தி இல்லை. கொண்டுவிக்கப் போவது, அதாவது தொழிலுக்குப் போவது, என்று நம் செட்டிநாட்டில் அதற்குத் தனிப் பேரே இருக்கிறது. ரங்கூன், பெகு, ஈப்போ, பினாங்கு, சைகோன், கொழும்பு என்று போனார்கள். வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பலேறினவர் படிப்படியாக அடுத்தாளாகி, மேலாளாகித் திரும்புவார். கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் நிற்கிற தேக்குத் தூண்கள் அப்படிப் போனவர்கள் அனுப்பி வைத்தவை. எங்கள் பாட்டையா பர்மாவில், பெகுவில் இருந்தார். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஒரு பெண் பிள்ளை தனியாகப் போனது நான்தான் முதல். 2016-இல் ஜெர்மனிக்கு, பொறியியல் முதுகலை படிக்க.

போன ஊரின் பெயர் ஆகன். அந்தக் 'க'வை 'மகன்' என்கிற சொல்லில் வருகிற மாதிரிச் சொல்லி, தொண்டையில் இன்னும் கொஞ்சம் உரசினால் சரியான உச்சரிப்பு வந்துவிடும். ஜெர்மனியின் மேற்கு ஓரத்தில், பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஊர். பேருந்தில் ஏறி அடுத்த நாட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கி வரலாம். ஊர் நடுவில் சார்லமேன் கட்டிய தேவாலயம் இருக்கிறது. 814-இல் இறந்த அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்கள். 1978-இல் யுனெஸ்கோ முதன்முதலாக வெளியிட்ட 12 இடங்களின் பட்டியலில் அதுவும் ஒன்று. பக்கத்திலேயே ஒரு மண்டபத்தில் வெந்நீர் ஊற்று கொட்டிக்கொண்டிருக்கும். 50 டிகிரிக்கு மேல் சூடு, கந்தக வாடை. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவளுக்கு முதல் நாள் அந்த வாடை வயிற்றைப் புரட்டியது. ஒரு மாதத்தில் அந்த வாடை வந்தாலே வீட்டுப் பக்கம் வந்துவிட்டோம் என்று ஆகிவிட்டது.

தங்கும் இடம் கிடைத்த கதையைச் சொல்ல வேண்டும். முதல் மூன்று வாரம் அறை கிடைக்கவில்லை, தெரிந்த ஒரு அக்காவின் அறையில் தரையில் படுத்திருந்தேன். ஒரு வீட்டில் அறை காலி என்று தெரிந்து தொலைபேசியில் கூப்பிட்டேன். அந்தப் பெண் தெருப் பெயர் சொல்லி, வீட்டு எண்ணும் சொன்னாள். 'சீபன் உன்ட் அக்ட்சிஷ்'. சீபன் என்றால் ஏழு, அக்ட்சிஷ் என்றால் எண்பது. காதில் விழுந்த வரிசையிலேயே 78 என்று எழுதிக்கொண்டேன். அக்டோபர் மழை. 78-ஆம் எண் வீட்டு மணியை அடித்தால் எழுபது வயதிருக்கும் ஒரு அம்மா கதவைத் திறந்தார். என் தாளை வாங்கிப் பார்த்தார், நான் சொன்னதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அப்புறம் பேனாவை எடுத்து முதலில் 7 போட்டார், கையை நகர்த்தி அதற்கு இடப்பக்கம் 8 போட்டார். 87. நாம் எண்பத்தேழு என்போம், அவர்கள் ஏழும் எண்பதும் என்பார்கள். குடையை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவின் கடைசி வரை கூடவே நடந்து வந்து, வீட்டைக் காட்டிவிட்டுத்தான் போனார். அடுத்த வருஷம் ஆடி மாதம் அவருக்குக் கும்மாயம் கிண்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். உளுந்து மாவும் கருப்பட்டியும் என்று விளங்கவைக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது.

87-இல் அறை கிடைத்தது. நான்கு பேர் சேர்ந்து இருக்கிற வீடு. 'வேகே' என்று இரண்டு எழுத்தில் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு அறை, சமையலறை பொது. குளிர்பெட்டியில் ஆளுக்கு ஒரு தட்டு. யார் எந்த வாரம் குளியலறை கழுவ வேண்டும் என்று சுவரில் அட்டவணை. கூட வந்த வடநாட்டுத் தோழிக்கு இது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகப் பொங்கிச் சாப்பிடுவதா என்பாள். எனக்கு அது விநோதமாகவே படவில்லை. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மகனைத் தனி அடுப்பாக வேறு வைக்கிற ஊரில் பிறந்தவள் நான். ஒரே வளவுக்குள் ஐந்து அடுப்பு எரிவதைப் பார்த்து வளர்ந்தவள். முகப்பும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது, உள்வீட்டுச் சாவி மட்டும் அவரவர் இடுப்பில். அந்த நாகரிகம் உங்களுக்கும் தெரியும். அதை அங்கே எடுத்துப்போங்கள். பாத்திரத்தை ஊறப்போட்டுவிட்டுத் தூங்கப் போகாமல் இருந்தாலே பாதிச் சண்டை வராது.

பணக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டு மாணவர்களிடம் அரையாண்டுக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அங்கே போனதும் மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இந்தியாவில் பட்டம் வாங்கியவர்களுக்கு 2022 நவம்பர் முதல், பட்டம் உண்மையானதுதான் என்று சரிபார்த்துத் தருகிற ஏபிஎஸ் சான்றிதழும் கட்டாயம். நான் போனபோது தேவைப்பட்ட வேலைகளை முடித்துத் தருகிறேன் என்று என்னிடம் ஒரு ஏஜென்ட் பெருந்தொகை வாங்கினார். அவர் செய்த ஒவ்வொரு வேலையும் நானே உட்கார்ந்து செய்திருக்கக் கூடியது. படிவத்தை நிரப்ப வெட்கப்பட்டு அப்பச்சியின், அதாவது அப்பாவின், பணத்தைக் கொடுத்தேன், இன்றைக்கும் அது உறுத்துகிறது. நீங்களே நிரப்புங்கள். தெரியாததைக் கேளுங்கள், நான் சொல்கிறேன்.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அங்கே மதிப்பெண் தலைகீழ். 1.0 என்றால் முதல் தரம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. நான் படித்த இடத்தில் ஒரு பாடத்தின் தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவதிலும் தோற்றால் படிப்பிலிருந்தே வெளியே அனுப்பிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டில் வேறு இடத்தில் தொடர்வதும் பெரும்பாலும் முடியாது. இங்கே அரியர் வைத்துப் பழகியவர்களுக்கு இது உறைக்கவே நாளாகும்.

நான் இங்கே கல்லூரியில் நன்றாகப் படித்தவள். வெப்பப் பரிமாற்றம் என்று ஒரு பாடம். முதல் அரையாண்டு முடிவில் எழுதினேன், 5.0. அடுத்த தடவை எழுதினேன், மறுபடி 5.0. அது டிசம்பர் மாதம் தெரிந்தது. ஆகனில் டிசம்பரில் காலை எட்டரைக்குத்தான் விடியும், மாலை நாலரைக்கே இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும். அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பச்சி கூப்பிட்டு, பரீட்சை எல்லாம் எப்படி ஆத்தா என்று கேட்டார். நல்லா இருக்கு அப்பச்சி என்றேன். முதல் தோல்வியில் ஆரம்பித்த பொய் அது. எட்டு மாதம் சொன்னேன். சாப்பிட்டேன், தூங்கினேன், எல்லாம் நல்லாயிருக்கு. வாரம் ஒரு தடவை கூப்பிட்டவள் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை என்று குறைத்துக்கொண்டேன். அம்மா சம்புடத்தில் போட்டுக் கொடுத்த தேன்குழல் காலியான பிறகும் அந்தச் சம்புடத்தை மேசையில்தான் வைத்திருந்தேன். அந்தக் குளிர்காலத்தில் அதை எடுத்து அலமாரிக்குள் வைத்துவிட்டேன். அதைப் பார்க்கவே முடியவில்லை.

நம் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து இருந்தால் இதெல்லாம் வராதே என்று நீங்கள் கேட்கலாம். இருந்தோம். தமிழ்ப் பிள்ளைகள் வாட்சாப் குழு ஒன்று இருந்தது. காய்ச்சல் என்றால் ரசம் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தக் காலத்தில் சிங்கப்பூரிலும் பினாங்கிலும் நம்மவர்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த கிட்டங்கி இருந்த மாதிரி அது எங்களுக்குக் கிட்டங்கி. ஆனால் கிட்டங்கியில் மானம் பெரிய விஷயம். நான் தோற்றதை அங்கேயும் சொல்லவில்லை. சொன்னால் அது சென்னை வழியாக மூன்று நாளில் காரைக்குடி வந்து சேர்ந்துவிடும் என்று பயம். அந்தக் குழுவுக்கு வெளியே எனக்கு நெருக்கமான ஆள் யாரும் இல்லை, அது என் தப்பு. நம் பெரியவர்கள் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. ஆனாலும் பர்மாவில் அவர்கள் கதை எப்படி முடிந்தது என்றும் பார்க்க வேண்டும். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், விலை வீழ்ந்து கடன் திரும்பாமல் போனதில் 1937-க்குள் 25 சதவீதம் ஆனது. நிலத்தை இழந்த உழவனின் மனசு எப்படி இருந்திருக்கும்? 1942-இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. அவர்கள் கொடுக்கல் வாங்கலுக்குப் போனார்கள், நாம் கற்றுக்கொள்ளப் போகிறோம். கற்றுக்கொள்ளப் போகிறவர் உள்ளூர்க்காரரோடு பழகாமல் இருக்கக் கூடாது.

அந்த மார்கழியில்தான் எங்கள் வீட்டில் பெட்டகசாலையைத் திறந்து சுத்தம் செய்தார்கள். பாட்டையா பெகுவிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எனக்குப் பிடிக்குமே என்று அப்பச்சி ஒன்றிரண்டைப் படம் எடுத்து அனுப்பினார். பேருந்தில் நின்றுகொண்டு கைப்பேசியில் பெரிதாக்கிப் படித்தேன். பிரஜோற்பத்தி வருஷம் ஐப்பசி மாதம் என்று போட்டிருந்தது, அதாவது 1931. பிள்ளையார் சுழி, சிவமயம், எல்லாரும் சௌக்கியமா என்ற விசாரிப்பு. அதன் கீழே கணக்கு. நெல் விலை சரிந்துவிட்டது, வசூல் நின்றுவிட்டது என்று எழுதிவிட்டு, இன்ன இரண்டு பேருக்கு விசாரிக்காமல் கொடுத்தது தன்னுடைய பிசகு என்று தொகையோடு எழுதியிருந்தார். அதை எழுதின மையும் சௌக்கியமா என்று கேட்ட மையும் ஒரே அழுத்தத்தில் இருந்தன. எழுத்து கோணவில்லை. அடுத்த வரியில் பெரிய பிள்ளையின் இருமல் தேவலையா என்று கேட்டிருந்தார். நஷ்டத்தை மறைத்தால் அடுத்த வருஷக் கணக்கு நிற்காது. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது.

அன்றைக்கு இரவே அப்பச்சியைக் கூப்பிட்டேன். நம் ஊரில் நடுராத்திரி தாண்டிவிட்டது. சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, இன்னும் எத்தனை தடவை இருக்கு என்றார். ஒண்ணு அப்பச்சி. எப்ப? மார்ச்சில். சரி, ஏன் தோத்தேன்னு பார்த்தியா என்றார். நான் பார்க்கவில்லை.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே திருத்திய விடைத்தாளைப் போய்ப் பார்க்கிற உரிமை மாணவருக்கு உண்டு. அதற்கென்று ஒரு நாள் வைப்பார்கள். 'ஐன்ஸிஷ்ட்' என்று பெயர். முதல் தடவை வெட்கப்பட்டு நான் போகவேயில்லை. இரண்டாவது தாளுக்கான நாள் ஜனவரியில் வந்தது, போனேன். உதவி ஆய்வாளர் ஒருவர் என் தாளை விரித்து ஒரு இடத்தைக் காட்டினார். முழுச் சமன்பாட்டையும் மனப்பாடமாக, பிழை இல்லாமல் எழுதியிருந்தேன். அதிலிருந்து இரண்டு உறுப்புகளை அடித்துவிட்டு விடையும் கண்டிருந்தேன். இந்த உறுப்பை ஏன் விட்டாய் என்று கேட்டார். நிலைத்த ஓட்டம், நேரத்தோடு மாறாது, அதனால் அது சுழி என்றேன். அது தாளில் எங்கே இருக்கிறது என்றார். இல்லை. வகுப்பில் அப்படித்தான் செய்தார்கள் என்று நானும் செய்திருந்தேன். ஐந்து கேள்வியிலும் அதே கதை. விடைக்கு அவர்கள் கொடுப்பது கொஞ்சம்தான். எந்த அனுமானத்தில் எதை விட்டேன் என்று எழுதுவதற்குத்தான் மதிப்பெண். பாட்டையா கணக்கு எழுதின முறையும் அதுதானே என்று எனக்குத் தோன்றியது. கொடுத்தது, யாருக்கு, எதை நம்பி.

அந்த வாரமே 87-இல் என் பக்கத்து அறைப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளும் அதே பாடத்தில் ஒரு தடவை தோற்றவள், ஒன்றரை வருஷமாக எனக்குத் தெரியாது. இரண்டு மாதம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பழைய கேள்விகளை எழுதினோம். நான் ஒவ்வொரு உறுப்பையும் அடிக்கும்போது அவள் 'வருடம்?' என்று ஜெர்மனில் கேட்பாள். 'வாரும்' என்றால் ஏன் என்று அர்த்தம், என் காதில் அது வருடம் என்றுதான் விழும். மார்ச் தேர்வில் எனக்கு 2.7 வந்தது. இரண்டு வருஷப் படிப்பை இரண்டரை வருஷத்தில் முடித்தேன். அந்த அரை வருஷத்துக்கான செலவை ஆய்வகத்தில் 'ஹீவி' என்கிற மாணவ உதவியாளர் வேலை பார்த்து நானே சமாளித்தேன்.

அம்மாக்களுக்கு ஒன்று. பிள்ளை கூப்பிட்டால் சாப்பிட்டியா என்று கேளுங்கள், அது வேண்டும். அதோடு, இந்த வாரம் எது சரியா வரல என்றும் கேளுங்கள். கேட்டுவிட்டு அவர்கள் சொல்லி முடிக்கிற வரை அழாமல் இருங்கள். எங்கள் அம்மாவுக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பாட்டையாவின் அந்தக் கடிதத்தை நகல் எடுத்துக் கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் அந்த மேசையில் வைக்கிறேன், கிளம்புகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்து, புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார். படிக்க வரவில்லையென்றால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து படிப்போம்.