அந்தச் சமையல்காரருக்காக யார் ஊர்வலம் போனார்கள்?

நடுவர் ஐயா அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் மக்களின் உரிமைகளை விரித்தது போராட்டமா, அரசியலமைப்புத் திருத்தமா என்பது இன்றைய தலைப்பு. திருத்தமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், போராட்டமே என்று வாதிட்டு, அலபாமா மாநிலத்துச் செல்மா ஊரில் நடந்ததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்று 15ஆம் திருத்தம் 1870இலேயே சொல்லிவிட்டது. அதே வாக்குரிமையைக் கேட்டு 1965 மார்ச் 7 அன்று நடந்து போன சுமார் 600 பேரை அலபாமா போலீஸ் பாலத்தருகே அடித்து விரட்டியது. "95 வருஷம் தூங்கிய சட்டத்துக்கு என்ன மரியாதை?" என்று கேட்டார். கைதட்டல் பலமாக வந்தது. நானும் தட்டினேன். அந்த அடியை வாங்கியவர்களைக் குறைத்து ஒரு சொல்கூட என் வாயிலிருந்து வராது.

செல்மாவுக்கு வருகிறேன். அதற்கு முன் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும்.

1865இல் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. உடனே மிசிசிப்பி, தென் கரோலினா போன்ற மாநிலங்கள் 'கறுப்பர் சட்டங்கள்' கொண்டுவந்தன. வேலை இல்லாத கறுப்பினத்தவரை ஊர் சுற்றுகிறான் என்று பிடிப்பார்கள். அபராதம் போடுவார்கள். கட்ட முடியாவிட்டால், அதைக் கட்டுகிற முதலாளியிடம் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். விட்ட சங்கிலியை வேறு பெயரில் மாட்டினார்கள். இதைத் தடுக்க 1866இல் நாடாளுமன்றம் ஒரு சிவில் உரிமைச் சட்டம் போட்டது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் அதை மறுத்துத் திருப்பி அனுப்ப, மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அவரை மீறி நிறைவேற்றினார்கள்.

சரி, சட்டம்தான் வந்துவிட்டதே, அப்புறம் எதற்குத் திருத்தம்? சாதாரணச் சட்டத்தை அடுத்து வருகிற நாடாளுமன்றம் ரத்து செய்துவிடலாம். போதாததற்கு, கறுப்பினத்தவர் அமெரிக்கக் குடிமக்களாகவே ஆக முடியாது என்று 1857இல் ட்ரெட் ஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஒரு முள்ளாக நின்றது. ஆகவே, யார் ஆட்சிக்கு வந்தாலும் எளிதில் கை வைக்க முடியாத இடத்தில் எழுதினார்கள். 1868இல் 14ஆம் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்காவில் பிறந்து அதன் சட்ட வரம்புக்கு உட்பட்டவர் குடிமகன். எந்த மனிதருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பை எந்த மாநிலமும் மறுக்கக் கூடாது. இந்த இரண்டு வாக்கியங்களைப் பிடித்துக்கொண்டுதான் இன்று இங்கே நிற்கிறேன்.

நடுவர் ஐயா, எதிரணியிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. மக்கள் எழுச்சி என்றால் அது எப்போதும் உரிமையின் பக்கம்தான் நிற்குமா?

1885 செப்டம்பரில் வயோமிங் மாநிலம் ஆவதற்கு முன், அங்கே ராக் ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரில் வெள்ளைத் தொழிலாளர் கூட்டம் சீனத் தொழிலாளர்களின் குடியிருப்பைக் கொளுத்தியது. குறைந்தது 28 பேர் செத்தார்கள். அதுவும் மக்கள் கூட்டம்தான். சீனர்களே வெளியேறுங்கள் என்று கலிபோர்னியாவில் மேடை போட்டு முழங்கினார்கள். அந்த முழக்கத்தின் அழுத்தத்தில் 1882இல் சீனத் தொழிலாளர்கள் வரக் கூடாது, சீனர்களுக்குக் குடியுரிமை கொடுக்கக் கூடாது என்று சட்டமே வந்தது.

அந்தக் காலத்தில் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்த ஒரு சமையல்காரர், பெயர் வோங் கிம் ஆர்க். பெற்றோரின் நாட்டுக்குப் போய்விட்டு 1895இல் திரும்பி வந்தார். நீ குடிமகன் இல்லை என்று அதிகாரிகள் கரையில் இறங்கவிடவில்லை. மாதக்கணக்கில் துறைமுகத்துக் கப்பல்களில் அடைபட்டுக் கிடந்தார். அவருக்காக எந்த ஊர்வலம் போனது? எந்தத் தெரு நிரம்பியது? சீனச் சங்கத்தார் வழக்கறிஞர் வைத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். நாட்டின் ஆத்திரம் முழுக்க எதிர்ப்பக்கம். அவர் கையில் இருந்தது 14ஆம் திருத்தத்தின் முதல் வாக்கியம் மட்டும். 1898இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 2 என்ற கணக்கில் தீர்ப்பு சொன்னது: இங்கே பிறந்தவர், ஆகவே குடிமகன்.

சென்னையில் பிறந்த சியாமளா கோபாலன் 1958இல் பெர்க்லிக்குப் படிக்கப் போனார். 1964இல் ஓக்லாந்தில் அவருக்கு ஒரு மகள் பிறந்தபோது தாயும் குடிமகள் இல்லை, தந்தையும் குடிமகன் இல்லை. மகள் பிறந்த நொடியிலேயே குடிமகள். அந்தக் குழந்தைதான் கமலா ஹாரிஸ். அவர் துணை அதிபரானபோது அவருடைய தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி வெடித்துக் கொண்டாடினோமே, அதற்கு வழி விட்டவர்களில் அந்தச் சமையல்காரரும் ஒருவர்.

இனி செல்மா. அந்த 600 பேர் புதிதாக ஓர் உரிமையைக் கேட்டு நடக்கவில்லை, ஐயா. எழுதி வைத்திருப்பதைக் கொடு என்று கேட்டு நடந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. தென் கரோலினா மாநிலம் சும்மா இருக்கவில்லை. எங்கள் தேர்தலில் தலையிட உங்களுக்கு என்ன அதிகாரம் என்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 15ஆம் திருத்தத்தின் இரண்டாம் பிரிவு நாடாளுமன்றத்துக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது என்று 1966இல் நீதிமன்றம் பதில் சொன்னது. 1870இல் அந்தப் பிரிவை எழுதியிருக்காவிட்டால், செல்மாவில் சிந்திய ரத்தத்துக்குக் கிடைத்த சட்டம் ஒரே வருஷத்தில் கவிழ்ந்திருக்கும்.

எனக்கு மிகவும் நெருக்கமான ஊர் ஒன்று உண்டு. நான் போனதில்லை, படித்ததுதான். வர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்து ஃபார்ம்வில். அங்கே கறுப்பினப் பிள்ளைகளின் மோட்டன் உயர்நிலைப் பள்ளி சுமார் 180 பேருக்காகக் கட்டியது. படித்ததோ 450 பேருக்கு மேல். இடம் போதாமல் தார்க் காகிதம் போர்த்திய கொட்டகைகளில் பாடம் நடந்தது. 1951 ஏப்ரலில் பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயதுப் பெண் மாணவர்களைத் திரட்டி வேலைநிறுத்தம் செய்தாள். எதிரணி நண்பரே, இவள் உங்கள் பக்கத்துப் பிள்ளை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளைகள் கேட்டது என்ன? ஒரு நல்ல கட்டடம். உதவ வந்த வழக்கறிஞர்கள், கட்டடத்துக்காக வழக்குப் போடமாட்டோம், வெள்ளைப் பிள்ளைக்கு ஒன்று கறுப்புப் பிள்ளைக்கு ஒன்று என்று பள்ளிகளைப் பிரித்து வைப்பதே தவறு என்று கேட்பதானால் வருகிறோம் என்றார்கள். 14ஆம் திருத்தத்தின் சமப் பாதுகாப்பு அந்தச் சின்னக் கோரிக்கையை நாட்டின் கோரிக்கையாக்கியது. பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த பிரவுன் வழக்கில் சேர்ந்த ஐந்து வழக்குகளில் அதுவும் ஒன்று. 1954இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும், அப்படிப் பிரித்து வைப்பது செல்லாது என்று ஒரே குரலில் தீர்ப்பளித்தார்கள்.

அதோடு முடியவில்லை. சேர்ந்து படிக்கவிடுவதைவிடப் பள்ளிகளையே மூடிவிடலாம் என்று அந்த மாவட்டம் 1959இல் அரசுப் பள்ளிகள் அத்தனையையும் பூட்டியது. வெள்ளைப் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி தயாராக இருந்தது. ஒரு குழந்தைக்கு ஐந்து வருஷம் பள்ளி இல்லை என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வசதி இருந்தவர்கள் பிள்ளைகளை வெளியூர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள். 1964 மே மாதம் உச்ச நீதிமன்றம், பூட்டியது 14ஆம் திருத்தத்துக்கு விரோதம் என்றது. அந்த இலையுதிர் காலத்தில் பிரின்ஸ் எட்வர்ட் மாவட்டத்து அரசுப் பள்ளிகள் திறந்தன.

தீர்ப்பை உங்களிடம் விடுகிறேன், நடுவர் ஐயா. வணக்கம்.