கவுண்டியின் தொகுதிக் கோடுகள்

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கத் தேர்தல் என்றால் நம் நினைவுக்கு வருவது அதிபர் தேர்தல்தான். ஆனால் அங்கு வாழும் ஒருவருக்கு அன்றாடம் தேவைப்படும் பல காரியங்களை, குறிப்பாக ஊர்ப்புறச் சாலைகள், பாலங்கள், சிறைச்சாலை, பல இடங்களில் பொது மருத்துவமனை ஆகியவற்றைக் கவனிப்பது கவுண்டி என்னும் உள்ளாட்சி அமைப்பே. நாடு முழுவதும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டிகள் உள்ளன. அவற்றில் பலவும் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, தொகுதிக்கு ஓர் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகிறார். அந்தப் பிரிவினைக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தே ஒருவரது வாக்கின் எடை அமைகிறது.

டெக்சஸ் மாநிலத்தின் மிட்லண்ட் கவுண்டியைப் பாருங்கள். அதை நிர்வகித்த குழுவில் ஐவர் இருந்தனர். ஒருவர் கவுண்டி முழுவதற்குமாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர். நடைமுறையில் வாக்குகள் சமமாகப் பிரிந்தால் மட்டுமே அவர் வாக்களித்தார். மற்ற நால்வரும் ஆளுக்கொரு தொகுதியிலிருந்து வந்தவர்கள். 1963ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, மிட்லண்ட் நகரம் அநேகமாக முழுவதும் அடங்கிய ஒரு தொகுதியில் 67,906 பேர் வாழ்ந்தனர். எஞ்சிய மூன்று தொகுதிகளில் முறையே 852, 414, 828 பேர். அதாவது எழுபதாயிரம் பேர் கொண்ட கவுண்டியில், சுமார் இரண்டாயிரம் பேரின் பிரதிநிதிகள் மூவர். மீதி அத்தனை பேருக்கும் ஒருவர். எல்லை வகுக்கும்போது மக்கள்தொகையைப் பெரிதாகக் கருதவில்லை என்று உறுப்பினர்களே சாட்சியம் அளித்தனர்.

நகர மேயர் ஹாங்க் ஏவரி வழக்குத் தொடுத்தார். அந்தப் பங்கீடு செல்லாது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும் புதிய எல்லைகளை வகுக்கும்போது நிலப்பரப்பு, சாலைகளின் நீளம், வரி விதிக்கத்தக்க சொத்தின் மதிப்பு ஆகியவற்றையும் கருத்தில் கொள்ளலாம் என்றது. 1968 ஏப்ரலில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு மூன்று என்ற பெரும்பான்மையில், இந்தச் சலுகையை ஏற்க மறுத்து, தொகுதிகள் மக்கள்தொகையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும் என்றது. குழு பெரும்பாலும் ஊர்ப்புறச் சாலைகளையே கவனிக்கிறது என்ற வாதத்துக்கு நீதிபதி பைரன் ஒயிட் அளித்த விடையே அந்தத் தீர்ப்பின் சாரம் என்று நான் கருதுகிறேன். விமான நிலையமோ நூலகமோ கட்ட வேண்டாம் என்று விட்டுவிடுவதும், ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டத்தில் சேராமல் இருப்பதும்கூட, கவுண்டியின் மக்கள் அனைவரையும் பாதிக்கும் முடிவுகளே என்றார் அவர். ஊர்ப்புற மக்களின் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. நகரத்தின் கை ஓங்கினால் தம் சாலையை யார் செப்பனிடுவார்கள் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 414 பேருக்கும் 67,906 பேருக்கும் சமமான குரல் தருவது அதற்குப் பரிகாரம் ஆகாது.

அன்றிலிருந்து, பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் பின் எல்லைகளைச் சரிபார்த்துத் திருத்துவது வழக்கமாயிற்று. மிகப் பெரிய தொகுதிக்கும் மிகச் சிறிய தொகுதிக்கும் இடையிலான வேறுபாடு, சராசரித் தொகுதியின் மக்கள்தொகையில் பத்து சதவீதத்துக்குள் இருந்தால், உள்ளாட்சி அளவில் நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்கின்றன.

தலைக்கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்பதை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி காட்டியது. அங்கே ஐந்து உறுப்பினர் குழு தன் தொகுதிகளைத் தானே வரைந்துகொண்டது. மக்கள் எண்ணிக்கையை ஏறத்தாழச் சமமாகப் பங்கிட்டாலும், அடுத்தடுத்து வாழ்ந்த ஹிஸ்பானிக் மக்களின், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரின், குடியிருப்புகளுக்கு நடுவே கோடு கிழித்தது. இருக்கும் உறுப்பினர்களின் பதவியைக் காப்பாற்றவே தெரிந்தே இவ்வாறு செய்யப்பட்டது என்று 1990இல் நீதிமன்றம் கண்டறிந்தது. எல்லை திருத்தப்பட்ட மறு ஆண்டே, முதல் தொகுதியில் குளோரியா மொலினா வென்றார். அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் அவர்தான்.

தமக்கு வாக்களிக்கப் போகிறவர்கள் யார் என்பதைப் பதவியில் இருப்பவர்களே தீர்மானிக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு இருந்தது. 2021இல் அந்தக் கவுண்டியின் எல்லைகளை முதன்முறையாகப் பதினான்கு குடிமக்கள் அடங்கிய சுதந்திர ஆணையம் வரைந்தது. பொது விசாரணைகளில் மக்கள் தம் சுற்றுப்புறம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எடுத்துச் சொன்னார்கள். எந்தத் தெருக்கள் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியும். கணக்கெடுப்பு அட்டவணையில் அது இராது. ஆகவே இந்த விசாரணைகளை வெறும் சடங்காக எண்ணக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்னொரு குறை எஞ்சியிருந்தது. சுமார் ஒரு கோடிப் பேருக்கு ஐந்தே உறுப்பினர்கள் என்றால் ஒருவருக்கு இருபது லட்சம் பேர். எவ்வளவு நேர்மையாகக் கோடு வரைந்தாலும் அந்தத் தொலைவு குறையாது. 2024 நவம்பரில் குழுவை ஒன்பது பேராக விரிவாக்கும் திட்டத்துக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். 2030 கணக்கெடுப்புக்குப் பின் ஒன்பது தொகுதிகள் புதிதாக வரையப்பட்டு, 2032 தேர்தலோடு குழு ஒன்பது பேராக விரிவடைய வேண்டும்.

வணக்கம்.